முதல்ல ஸ்க்ரூ தலையைப் பாருங்க!

மக்களே, ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்ல எத்தனை ஸ்க்ரூ டிரைவர் இருக்கு?

"ஒண்ணு இருக்கே, ஃபிரிட்ஜ் மேல"ன்னு சொல்றீங்களா? போய் எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் அது ஸ்க்ரூ டிரைவரா இருக்காது. கைப்பிடிக்குள்ள குட்டி பல்பு வச்ச டெஸ்டரா இருக்கும். நம்ம ஊர்ல சுவிட்ச் போர்டு கழட்ட, பெயின்ட் டப்பா திறக்க, பாத்ரூம் தாழ்ப்பாள் சரி பண்ண, எல்லாத்துக்கும் அந்த ஒரே டெஸ்டர்தான். சர்வரோக நிவாரணி!

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். முதல் வருஷ வொர்க்‌ஷாப்ல இரும்புத் துண்டை அரத்தால ராவி 'வி' வடிவத்துல பொருத்தச் சொன்னாங்க. கை கொப்புளிக்க ராவினோம். ஆனா எந்த ஸ்க்ரூவுக்கு எந்த டிரைவர்னு எந்த வகுப்புலயும் பேச்சே வரல. நம்ம செட்டுல ஃபோர்த் கியர்ல பைக் ஓட்டத் தெரிஞ்சவன் நாற்பது பேர் இருக்கான், அதோட சைடு கவர் ஸ்க்ரூவை ஒழுங்கா கழட்டத் தெரிஞ்சவன் நாலு பேர் தேறுவானான்னு சந்தேகம். அதான் எழுதலாம்னு உட்கார்ந்தேன். "இதெல்லாம் ஒரு மேட்டரா"ன்னு கேக்காதீங்க. எங்க வீட்ல இது ரெண்டு நாள் சம்பாத்தியத்தோட மேட்டர்.

ஒரு ஸ்க்ரூ, ரெண்டு நாள்

அம்மா வீட்லயே பிளவுஸ் தைக்கிறாங்க. போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி மிஷின்ல துணி நகராம நின்னுடுச்சு. ஊசிக்குக் கீழ இருக்குற தட்டுக்கு அடியில பஞ்சும் நூலும் அடைச்சிருக்கும், தட்டைக் கழட்டிச் சுத்தம் பண்ணா போதும். அந்தத் தட்டைப் பிடிச்சிருக்கறது ரெண்டே ரெண்டு மைனஸ் ஸ்க்ரூ. நான் ஹாஸ்டல்ல இருந்தேன். பக்கத்து வீட்டு அண்ணன், பாவம், உதவி பண்ணலாம்னுதான் வந்தார். கையில டெஸ்டர். ஒரு ஸ்க்ரூ வந்துடுச்சு. இன்னொண்ணு அசையல. அவர் பலம் கொடுக்கக் கொடுக்க டெஸ்டர் வழுக்கி வழுக்கி, ஸ்க்ரூ தலையில இருந்த காடி ரெண்டு பக்கமும் தேஞ்சு கிண்ணம் மாதிரி ஆயிடுச்சு.

தீபாவளி நேரத்துல மிஷின் மெக்கானிக் கிடைப்பாரா? ரெண்டு நாள் கழிச்சு வந்தார், வயசான மனுஷர். பார்த்ததுமே, "ஏம்மா, இதுல டெஸ்டரைப் போட்டது யாரு?"ன்னு கேட்டாராம். மெல்லிசான அரம் ஒண்ணை வச்சு காடியைக் கொஞ்சம் ஆழமாக்கி, தன் பையில இருந்து குட்டையான, அகலமான டிரைவரை எடுத்து அழுத்தி ஒரு திருப்பு. வந்துடுச்சு. புது ஸ்க்ரூ அவர்கிட்டயே இருந்ததால தப்பிச்சோம். தையல் மிஷின் ஸ்க்ரூக்களோட மரை வேற, சாதாரண ஹார்டுவேர் கடையில தேடினா கிடைக்காது.

அந்த ரெண்டு நாள்ல அம்மா மூணு பேரை வேற டெய்லர்கிட்ட அனுப்பிட்டாங்க. அதுல ஒருத்தங்க அப்புறம் எங்ககிட்ட வரவே இல்ல. மெக்கானிக் போகும்போது அம்மாகிட்ட சொன்னது இதுதான்: "ஸ்க்ரூ தலையைப் பார்த்துட்டு திருப்புளியை எடுக்கணும்மா. கையில இருக்கறதை வச்சு ஸ்க்ரூகிட்ட போகக் கூடாது." என் கட்டுரை மொத்தமும் இந்த ரெண்டு வரிதான். மீதி எல்லாம் விளக்கம்.

(திருப்புளின்னா ஸ்க்ரூ டிரைவர்தான். திருப்பு + உளி. என்ன அழகான பேரு! இதை விட்டுட்டு நாம டெஸ்டர்னு சொல்லிக்கிட்டு இருக்கோம்.)

மைனஸ்

மைனஸ் ஸ்க்ரூவுக்கு ரெண்டு அளவு முக்கியம். டிரைவர் முனையோட அகலம் காடியோட நீளத்துக்குச் சமமா இருக்கணும். முனையோட தடிமன் காடியை நிரப்பணும். ரெண்டாவதைத்தான் யாரும் பாக்கறதில்ல. மெல்லிசான முனையைத் தடிச்ச காடிக்குள்ள விட்டா, அது சாய்ஞ்சு ரெண்டே ரெண்டு ஓரத்துல மட்டும் தொடும். உங்க கை பலம் மொத்தமும் அந்த ரெண்டு புள்ளியில இறங்கும். உலோகம் என்ன பண்ணும், பிய்யத்தான் செய்யும்.

நல்ல டிரைவர்ல இந்த அளவு போட்டிருக்கும். 0.8 × 4, 1.0 × 5.5, 1.2 × 6.5 இப்படி. முதல் எண் தடிமன், அடுத்தது அகலம், ரெண்டும் மில்லிமீட்டர்ல. தையல் மிஷின் மாதிரி வேலைக்கு முனை ஆப்பு மாதிரி சரியாம, ரெண்டு பக்கமும் நேரா இருக்கறது நல்லது. ஆப்பு மாதிரி இருந்தா திருப்பும்போது தானே மேல ஏறி வெளிய வந்துடும்.

பிளஸ், அதுல எத்தனை பிளஸ்!

மைனஸ் டிரைவர் வழுக்குதுன்னுதான் மத்த தலைகள் எல்லாம் வந்துச்சு. கனடாவுல ராபர்ட்சன்ங்கறவர் 1909-ல சதுரக் குழி வச்ச ஸ்க்ரூவுக்குப் பேட்டன்ட் வாங்கினார். வழுக்கவே வழுக்காது. இன்னிக்கும் கனடாவுல அதுதான் செல்லப்பிள்ளை. அமெரிக்காவுல ஹென்றி பிலிப்ஸ் 1936-ல பிளஸ் ஸ்க்ரூவுக்குப் பேட்டன்ட் வாங்கி, அது கார் தொழிற்சாலைக்குள்ள நுழைஞ்சு உலகம் பூராவும் பரவிடுச்சு. டிரைவரை வச்சதும் தானா நடுவுல போய் உட்காரும், அதுதான் அதோட பெருமை. குறை என்னன்னா, குழியோட சுவர் சரிவா இருக்கறதால பலமாத் திருப்பும்போது டிரைவரை வெளிய தள்ளும்.

பிளஸ்ல அளவு இருக்குங்கறதே நிறைய பேருக்குத் தெரியாது. 0, 1, 2, 3-ன்னு நம்பர் உண்டு. மெட்ரிக் ஸ்க்ரூன்னா தோராயமா இப்படி:

எம்2 – 0 நம்பர்
எம்2.5, எம்3 – 1 நம்பர்
எம்3.5, எம்4, எம்5 – 2 நம்பர்
எம்6 – 3 நம்பர்

வீட்ல இருக்குற ஸ்க்ரூக்கள்ல ரொம்பவே 2 நம்பர்தான். நாம பண்ற அநியாயம், 2 நம்பர் ஸ்க்ரூவுல 1 நம்பர் டிரைவரை விட்டுச் சுத்தறது. உள்ள போகுது, அதனால சரின்னு நினைச்சிடறோம். உள்ள போறது முக்கியமில்ல, ஆடாம உட்காரணும். சின்னதுல இருந்து ஆரம்பிக்காதீங்க. பெருசை வச்சுப் பாருங்க, உட்காரலைன்னா அடுத்த சின்னதுக்கு வாங்க.

இன்னொரு கூத்து. பாக்க பிளஸ் மாதிரியே இருக்கும், ஆனா வேற. தலையில பிளஸுக்கு நடுவுல 45 டிகிரியில நாலு மெல்லிய கோடு இருந்தா அது போசிடிரைவ். கட்டைப் பெட்டியில வந்து நாமளே மாட்டிக்கிற மேசை, அலமாரியில வரும். அதுக்கு தனி டிரைவர். தலையில ஒத்தைப் புள்ளி இருந்தா ஜப்பான் பிளஸ். ஜப்பான் டிசைன்ல வந்த பழைய பைக்குகள், கேமராக்கள்ல பாக்கலாம். அதுல பிலிப்ஸ் முனை முழுசா உட்காராது. பழைய பைக் சைடு கவர் ஸ்க்ரூ எல்லாம் வாய் பிளந்து கிடக்குதே, அதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். துரு மட்டும் இல்ல.

ஸ்டார், ஆலன் கீ, அஞ்சு இதழ்

கடையில போய் 'ஸ்டார்' கேட்டா பிளஸ்தான் எடுத்துத் தருவாங்க. நிஜமான ஆறு முனை நட்சத்திரத்துக்குப் பேரு டார்க்ஸ், 1967-ல வந்தது. அதோட சுவர் செங்குத்தா இருக்கறதால வெளிய தள்ளாது. ஹார்டு டிஸ்க், கார் பாகங்கள்ல இருக்கும். டி6, டி8, டி10-ன்னு கேட்டு வாங்கணும்.

ஆறுமூலைக் குழி இருந்தா ஆலன் கீ. எம்4-க்கு 3 மி.மீ., எம்5-க்கு 4, எம்6-க்கு 5, எம்8-க்கு 6. இதுல இஞ்ச் கீயைக் கலக்காதீங்க. 3/16 இஞ்ச்னா 4.76 மி.மீ. 5 மி.மீ. குழிக்குள்ள ஜாலியா போகும், திருப்பினதும் மூலையை மழுக்கிட்டு வரும்.

சில ஸ்க்ரூ, நாம திறக்கக் கூடாதுன்னே போட்ட மாதிரி இருக்கும். 2010-ல வந்த ஐஃபோன் 4, ஆரம்பத்துல சாதாரண பிளஸ் ஸ்க்ரூவோடதான் வந்துச்சு. 2011-ல அதை அஞ்சு இதழ் பூ மாதிரி தலைக்கு மாத்திட்டாங்க. அதுக்கும் இப்ப டிரைவர் கிடைக்குது. மைனஸை வச்சு நோண்டாதீங்க.

நட்டுக்கு கட்டிங் பிளேயர் எதிரி

நட்டு போல்ட்னா ஸ்பேனர். எம்6 போல்ட்டுக்கு 10 நம்பர், எம்8-க்கு 13. முடிஞ்சா ரிங் ஸ்பேனர். அது ஆறு மூலையையும் பிடிக்கும், ஓப்பன் ஸ்பேனர் ரெண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும். கட்டிங் பிளேயரால நட்டைத் திருகுனா நட்டு உருண்டை ஆயிடும், அப்புறம் எந்த ஸ்பேனரும் ஏறாது. ஸ்க்ரூ ஸ்பேனர்தான் இருக்குன்னா தாடையை இறுக்கமா வச்சுட்டு, பலம் அசையாத தாடை மேல விழற மாதிரி இழுங்க.

படிச்ச பாடம் ஒண்ணு இங்க உதவும். சாதாரண எம்6 போல்ட்டுக்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் டார்க் போதும். 10 செ.மீ. நீள ஸ்பேனர் முனையில 10 கிலோ பலம் கொடுத்தாலே கிட்டத்தட்ட அது வந்துடும். அதான் 10 நம்பர் ஸ்பேனரைக் குட்டையா செஞ்சிருக்கான். அதுல பைப்பை மாட்டி இழுத்தா போல்ட் உடையும், இல்ல அலுமினியத்துல இருக்குற மரை உரியும். நமக்கு மரை கழண்டா திட்டு வாங்குறதோட போச்சு, இன்ஜின்ல மரை போனா லேத்துப் பட்டறைக்குப் போகணும்.

வரலைன்னா?

முதல்ல நிறுத்துங்க. ஒரு தடவை வழுக்குச்சுன்னா அது எச்சரிக்கை. டிரைவர் அளவை மாத்திப் பாருங்க. திருப்புறதை விட அதிகமா அழுத்துங்க. ஊடுருவுற எண்ணெய் ஏதாவது விட்டு அரைமணி நேரம் டீ குடிச்சிட்டு வாங்க. டிரைவர் பின்னாடி சுத்தியலால ரெண்டு தட்டு தட்டினா துரு விடும் (எலெக்ட்ரானிக்ஸ் சாமானிலோ தையல் மிஷின்லயோ இதைச் செய்யாதீங்க). பைக்குக்கு இம்பாக்ட் டிரைவர்னு ஒண்ணு இருக்கு. சுத்தியலால அடிச்சா அடியைத் திருப்பமா மாத்தும். அழுத்தமும் திருப்பமும் ஒரே நேரத்துல கிடைக்கறதால வழுக்காது.

மறுபடி அந்த டெஸ்டர்

டெஸ்டரை ஏன் இவ்வளவு திட்டறேன்னா, ஸ்க்ரூ கெடுறது மட்டும் காரணமில்ல. டெஸ்டருக்குள்ள நியான் பல்போட சேர்த்து சுமார் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு இருக்கும். 230 வோல்ட்டைத் தொட்டாலும் உங்க உடம்பு வழியா கால் மில்லி ஆம்பியர் கூடப் போகாம அதுதான் தடுக்குது. அந்த ரெசிஸ்டரையும் உங்க கையையும் பிரிச்சு வச்சிருக்கறது மெல்லிசான பிளாஸ்டிக். முறுக்குறதுக்கு செஞ்ச பொருளே இல்ல அது. இறுகின ஸ்க்ரூவுல போட்டு முறுக்கி, கைப்பிடியில கீறல் விட்ட டெஸ்டரை அடுத்த வாரம் யாரோ பிளக்குக்குள்ள விடுவாங்க. பெரும்பாலும் அம்மாவோ தம்பியோ. கீறல் விட்ட டெஸ்டரைத் தயவுசெஞ்சு தூக்கிப் போடுங்க.

அப்ப என்ன வாங்கலாம்?

நூறு பிட்டு உள்ள பளபளா டப்பா வேண்டாம். மெத்து இரும்புல செஞ்ச முனை நாலு ஸ்க்ரூவுலயே மழுங்கிடும். இதை மட்டும் நல்லதா வாங்குங்க: பிளஸ்ல 1, 2 நம்பர். மைனஸ்ல சின்னது ஒண்ணு, 1.0 × 5.5 ஒண்ணு. மி.மீ. ஆலன் கீ செட் ஒண்ணு. 8–10, 12–13 ரிங் ஸ்பேனர். தனியா ஒரு டெஸ்டர், சோதிக்க மட்டும். டிரைவர்ல கைப்பிடி தடியா இருக்கறதைப் பாருங்க. திருப்புற பலம் கைப்பிடி தடிமன்லதான் இருக்கு, கம்பி நீளத்துல இல்ல. ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் பங்கு போட்டா ஆளுக்கு ஒரு சினிமா டிக்கெட் காசுதான் ஆகும்.

வாங்கினதை வீட்ல ஒரு இடத்துல வச்சு, அந்த இடத்தை எல்லார்கிட்டயும் சொல்லி வைங்க. ஏன்னா அவசரத்துல கைக்குக் கிடைக்கிறதைத்தான் எல்லாரும் எடுப்பாங்க. அப்ப கைக்குக் கிடைக்கிறது சரியானதா இருக்கட்டுமே.

சரி, போய் அந்த ஃபிரிட்ஜ் மேல பாருங்க :-)