அம்மாவின் நாற்காலி தெருவில் இறங்க

கொட்டாம்பட்டி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு இடுப்பு எலும்பு கூடிவிட்டது. ஆனால் பழைய நடை இனி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சக்கர நாற்காலியில் அடுப்படி வரைக்கும் வந்து குழம்புக்கு உப்புப் பார்க்கிறாள். வாசற்படிக்குப் பலகை போட்டுவிட்டோம், முற்றம் வரை தானே உருட்டிக்கொண்டு வந்துவிடுகிறாள். அதற்கு மேல் போக வழியில்லை. தெருவில் புதிதாகக் கட்டிய வடிகாலின் சுவர் ரோட்டுக்கு மேல் முக்கால் அடி நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்கள் நாற்காலியோடு தூக்கித்தான் இறக்க வேண்டும். தூக்கும்போது அம்மா கூச்சத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள். இப்போதெல்லாம் கோயிலுக்குக் கூப்பிட்டால் ‘வேணாம்’ என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறாள். எனக்கு மனசு கேட்கவில்லை.

நீ இருக்கும் இங்கிலாந்தில் கார் ஏற நடைபாதை விளிம்பை இறக்க வேண்டுமானால் கவுன்சிலுக்கு எழுதிப்போட்டால் போதும், 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தில் அதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது என்று சொன்னாய். இங்கே, ரோடு யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். திருச்சி–மதுரை நான்கு வழிச் சாலை, முன்பு 45பி, இப்போது 38, மத்திய அரசுடையது. அதன் ஓரத்தில் வீடோ கடையோ இருந்தால், 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி நெடுஞ்சாலை நிர்வாகத்தின் அனுமதி வாங்கித்தான் வழி திறக்க முடியும். மற்ற ரோடுகளில் சில மாநில நெடுஞ்சாலைத் துறையிடம், சில ஊராட்சி ஒன்றியத்திடம். நம் தெரு கிராம ஊராட்சியுடையது. 2025 ஜனவரியோடு தலைவர், வார்டு உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டதால், மனுவைத் தனி அலுவலர் பெயருக்குத்தான் எழுத வேண்டும்.

சித்தப்பா மகன் இதற்கெல்லாம் பொறுக்க மாட்டேன் என்கிறான். ‘ராத்திரியோட ராத்திரியா ரெண்டு மூட்டை சிமெண்டைக் கலந்து சறுக்கு போட்ருவோம்க்கா, யாரு கேக்கப் போறா?’ என்கிறான். அம்மா மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறான். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வடிகாலை அடைத்துக் கட்டினால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நமக்கு மேல்புறத்து வீடுகளில் ஏறும். அந்த வீடுகளில் கைக்குழந்தைகள் இருக்கிறார்கள். தவிர, முக்கால் அடி உயரத்துக்கு ஒன்பது அடி நீளச் சறுக்கு வேண்டும். ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம், அதுதான் விதி. அதற்குமேல் செங்குத்தாக இருந்தால் நாற்காலி பின்னால் சாயலாம். நம் குறுகிய தெருவுக்குள் ஒன்பது அடி நீட்டினால் வண்டி வாகனம் எங்கே போகும்?

கொத்தனாரோடு உட்கார்ந்து யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. வாசல் அகலத்துக்கு மட்டும், நான்கு அடி, வடிகால் சுவரை ரோட்டு மட்டத்துக்கு இறக்குவது. தண்ணீர் ஓடும் மட்டம் அதற்கு வெகு கீழேதான் இருக்கிறது. மேலே தூர்வாரும்போது தூக்கி எடுக்கிற மாதிரி கொக்கி வைத்த காங்கிரீட் மூடி. ரோடு ஒவ்வொரு முறை போடும்போதும் உயர்ந்து, இன்று நம் முற்றம் ரோட்டுக்கு அரை அடி பள்ளத்தில் இருக்கிறது. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு உத்தரவிட்டார். அது நமக்குக் காலம் தாழ்ந்து வந்தது. அந்த அரை அடிக்கு ஆறு அடிச் சறுக்கை நம் இடத்துக்குள்ளேயே கட்டிக்கொள்ளலாம். மழைத் தண்ணீர் முற்றத்துக்குள் இறங்காதபடி மூடியை ஒட்டி ஓர் இரும்பு ஜாலி. அதன் கம்பிகள் நாற்காலி வரும் திசைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், நேராக வைத்தால் சக்கரம் இடுக்கில் மாட்டும். செம்பருத்திச் செடியை மட்டும் பெயர்த்து வைக்க வேண்டியிருக்கும்.

மனுவில் இந்த யோசனையின் வரைபடத்தோடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தையும் எழுதியிருக்கிறேன். அவர்கள் நடமாட ஏற்ற சாலைகளை அமைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. பார்வையற்றவரான ராஜீவ் ரதூரி 2005இல் போட்ட வழக்கில், இந்த வசதிகளுக்கான அளவுகளை வெறும் பரிந்துரையாக விடக் கூடாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே யாரிடமும் நான் சலுகைக்குப் போய் நிற்கவில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் எழுந்து பேசப் போகிறேன். இனிமேல் வடிகால் கட்டும்போதே ஒவ்வொரு வாசலிலும் சுவரை இறக்கிக் கட்டச் சொல்லித் தீர்மானம் வேண்டும். நம் தெருவிலேயே கோல் ஊன்றி நடக்கிற வயசாளிகள் எத்தனை பேர்!

உன்னால் ஆக வேண்டியது ஒன்று உண்டு. வீடு நம் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டாவில் இருப்பதால் உன் சம்மதக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தால் பின்னால் யாரும் கேள்வி கேட்க இடமிருக்காது. கையெழுத்துப் போட்டு இந்த வாரமே அனுப்பு. பணம் வேண்டாம், கொத்தனார் கூலிக்கு என்னிடம் இருக்கிறது. கடிதம் வந்த மறுநாளே மனுவைக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
அக்கா