பத்துக்கு மேல் இரண்டு ஆண்டு

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. கிரிமினல் அப்பீல்கள் நடக்கும் அறையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அழைக்கப்பட்டது ஒரு கஞ்சா வழக்கு. 22 கிலோ. கீழ் நீதிமன்றம் கொடுத்தது 12 ஆண்டு கடுங்காவல், ஒரு லட்சம் அபராதம், கட்டத் தவறினால் மேலும் ஓர் ஆண்டு.

“குற்றவாளி என்ற முடிவை எதிர்க்கவில்லை. தண்டனை அளவை மட்டும் பார்க்க வேண்டுகிறேன்” என்று தொடங்கினார் வக்கீல். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால் அது வணிக அளவு. குறைந்தபட்சமே 10 ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய். முதல் குற்றம், ஏழைக் குடும்பம் என்று எது சொன்னாலும் பத்துக்குக் கீழே இறக்க வழியில்லை. ஆக, போராட்டம் அந்த இரண்டு ஆண்டுக்குத்தான். மற்றக் கைதிகளுக்குக் கிடைக்கும் தண்டனைக் கழிவு, அதே சட்டத்தின் 32ஏ பிரிவினால் இப்படிப்பட்ட போதைப்பொருள் வழக்குக் கைதிகளுக்குக் கிடையாது; இரண்டு ஆண்டென்றால் முழுசாக இரண்டு ஆண்டு.

வக்கீல் வழக்கு ஆவணங்களின் டைப்டு செட்டைப் புரட்டி, கீழ்க்கோர்ட் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை வாசித்தார். தண்டனைக்கான காரணம் மூன்றே வரி. “ஆயுதம் வைத்திருந்தாரா, சிறுவர்களைப் பயன்படுத்தினாரா, பள்ளிக்கூடத்துப் பக்கம் விற்றாரா? குறைந்தபட்சத்துக்கு மேல் தண்டனை தர 32பி பிரிவு பட்டியலிடும் எதுவும் இல்லையே!”

அரசுத் தரப்பு விடவில்லை. அந்தப் பட்டியலோடு நிற்க வேண்டியதில்லை, பிடிபட்ட அளவையும் பார்க்கலாம் என்று 2019-இல் ரஃபீக் குரேஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை எடுத்துவைத்தது. அதே தீர்ப்பில் 16 ஆண்டு 12 ஆகக் குறைக்கப்பட்டதை வக்கீல் உடனே நினைவூட்டினார். 20 கிலோவுக்கு மேல் இரண்டு கிலோதான் கூடுதல். அதற்கு இரண்டு ஆண்டா என்பது எனக்கு நியாயமான கேள்வியாகவே பட்டது. கூட்டுவதென்றால் ஏன் என்று எழுத வேண்டும். மூன்று வரி போதாது.

தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. வராந்தாவில் தண்டனை பெற்றவரின் தாயார் வக்கீலுக்காகக் காத்திருந்தார்.

“ஒரு லட்சத்துக்கு எங்க போவேன் சார்?”

“அதையும் கேட்டிருக்கேம்மா. அபராதத்தைக் குறைக்க முடியாது, கட்டாததுக்குப் போட்ட ஒரு வருஷத்தைக் குறைக்கலாம். இதே மாதிரி ஒரு கேஸ்ல மூணு வருஷத்தை ஆறு மாசமாக்கியிருக்கு சுப்ரீம் கோர்ட், 2007-ல.”

அந்தம்மா ‘ஆறு மாசம்’ என்பதை மட்டும் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.