தலைமன்னாருக்கு ஒரு டிக்கெட்

(இரண்டாமாண்டு இளம் அறிவியல் மாணவர், இயற்பியல் துறை)

ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி நம் பேராசிரியர் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. புவனகிரிக்கு அப்பால் உள்ள எங்கள் சிற்றூரிலிருந்து நாள்தோறும் கடலூருக்குப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வருவதுதான் நான் அறிந்த பயணம்! ஆனால் சென்ற 2025 ஆகஸ்டில் ஒரு பயணம் நேர்ந்தது. நான்கு நாட்களுக்குள் வேறு நாட்டுக்குப் பயணச்சீட்டு வாங்க முயன்று, இந்த நாட்டின் கடைசி நிலையத்துக்கு மட்டும் வாங்கிய கதை அது. அதையே எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ஆகவே வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் அது என் கைக்குத்தான் வரும். ரேஷன் அட்டை, மின்கட்டணம், பயிர்க் காப்பீடு, பக்கத்து வீட்டு முதியோர் உதவித்தொகை என்று எல்லாமே "காலேஜுல படிக்கிற தம்பி" பொறுப்பு. இயற்பியல் படிக்கிறவனுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் யாருக்கும் புரியாது. சொல்லவும் எனக்கு மனம் வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் ஆயாவுக்கு இலங்கையிலிருந்து தொலைபேசி வந்தது. அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருக்கும் ஆயாவின் அக்கா, அதாவது என் பெரிய ஆயா, மருத்துவமனையில் இருப்பதாகவும் இனி நாள் கணக்குத்தான் என்றும் அவர் மகன் சொன்னார். ஆயா அழவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "தம்பி, நாளைக்கே தலைமன்னாருக்கு ஒரு டிக்கெட் எடுத்துடு. அங்கேருந்து கோச்சி புடிச்சு நான் போய்க்குவேன்" என்றார்.

எங்கள் ஆயாவின் தந்தையார் 1930களில் சிதம்பரத்தில் ரயிலேறி, மண்டபம் முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடந்து, தனுஷ்கோடியில் கப்பலேறி, தேயிலை பறிக்கப் போனவர். ஆயாவும் அக்காவும் அங்கே லயத்து அறையில் பிறந்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974-இல் இன்னொரு ஒப்பந்தம் சரிபாதியாக வகுத்தது. வகுத்தல் கணக்கில் மீதி வராமல் போடுவது எளிது. எங்கள் வீட்டிலோ, பெரிய ஆயாவின் கணவர் இலங்கைக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தார்; எங்கள் தாத்தா இந்தியாவுக்குப் போட்டிருந்தார். இரண்டு மனுவும் ஏற்கப்பட்டன. அதனால் அக்காவும் தங்கையும் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள்.

1974-இல், இருபத்தொரு வயதில், ஆயா மலையிலிருந்து இறங்கினார். அந்தப் புகைவண்டிக்கு அங்கே 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயராம். ஏறுகிறவரும் அழ, ஏற்றி விடுகிறவரும் அழ, வண்டி நகர்ந்த பிறகும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார்களாம். தலைமன்னார் வந்து, கப்பலில் ராமேசுவரம் இறங்கி, ஊர் வந்து சேர்ந்தார். அதற்குப் பின் ஐம்பத்தோரு ஆண்டுகள் அக்காவை அவர் நேரில் பார்க்கவில்லை. கடிதம், பிறகு தொலைபேசி, இப்போது மூன்று ஆண்டுகளாகக் கைப்பேசித் திரையில் முகம், அவ்வளவுதான்.

ஆகவே அவர் தலைமன்னாருக்கு டிக்கெட் கேட்டதில் வியப்பில்லை. ஒரு காலத்தில் அப்படி ஒரு டிக்கெட் இருக்கத்தான் செய்தது! 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறந்தபின் சென்னை எழும்பூரில் வாங்கும் ஒரே பயணச்சீட்டில் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மீண்டும் ரயிலில் கொழும்புக் கோட்டை வரை போகலாம். கப்பலைச் சந்திக்கப் போகும் வண்டி என்பதால் 'போட் மெயில்' என்று பெயர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் அடித்த புயல் தனுஷ்கோடியையும், அதை நெருங்கிக்கொண்டிருந்த பயணிகள் வண்டியையும் விழுங்கிற்று. அதன்பின் கப்பல் ராமேசுவரத்திலிருந்து ஓடியது. 1980களில், அங்கே நடந்த இனப்போரின் தொடக்கத்தில், அதுவும் நின்றது. ரயிலின் பெயரில் மட்டும் இன்றும் கப்பல் இருக்கிறது. அந்தப் போட் மெயில் இன்றும் இரவில் சிதம்பரம் வழியாகத்தான் போகிறது.

"ஆயா, இப்போ பாஸ்போர்ட் இல்லாம முடியாது" என்றேன்.

"ஏன், என்கிட்டதான் இருக்கே!"

நண்பர்களே, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது! எங்கள் தெருவிலேயே பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாய்க்குக் கொத்து வேலைக்குப் போன ஒருவர்தான். ஆயா தகரப் பெட்டியைத் திறந்து, புடவைக்கு அடியிலிருந்து மஞ்சள் துணி முடிச்சொன்றை எடுத்தார். உள்ளே உண்மையாகவே ஓர் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. கண்டியில் இருந்த நம் தூதரக அலுவலகம் 1974-இல் கொடுத்தது. படத்தில் இரட்டைச் சடையோடு, பயந்த கண்களோடு ஒரு பெண். அதை வைத்துக்கொண்டு அவர் செய்த ஒரே வெளிநாட்டுப் பயணம் இந்தியாவுக்கு வந்ததுதான். அது காலாவதியாகி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. அதில் உள்ள பெயருக்கும் ஆதாரில் உள்ள பெயருக்கும் இரண்டெழுத்து வேறு மாறியிருந்தது. ஆயாவுக்கு இதை எப்படிச் சொல்வது? கவர்ன்மெண்டு முத்திரை போட்ட காகிதம் எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்டார்.

திங்கட்கிழமை முழுதும் நான் கல்லூரிக்கு வரவில்லை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் பயணிகள் கப்பல் தொடங்கியது நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து நாகை எவ்வளவு பக்கம்! ஆனால் கப்பலுக்கும் பாஸ்போர்ட் வேண்டும், சென்னையிலிருந்து விமானத்துக்கும் வேண்டும். விரைவு முறையில் புதிதாக வாங்கலாம் என்றார்கள். அதற்கும் சில நாட்களாவது ஆகும். பெயர் மாற்றம் வேறு இருக்கிறது.

என் வகுப்புத் தோழனின் அண்ணன் ஜெர்மனியில் படிக்கிறார். ஏதாவது வழி சொல்வார் என்று அன்று மாலை அவரிடம் பேசினேன். வழி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் அவர் சொன்னவை இன்னும் காதில் இருக்கின்றன. டிரெஸ்டன் நகரிலிருந்து அடுத்த நாடான செக் குடியரசின் பிராக் நகருக்குக் காலையில் போக நினைத்தால் காலையிலேயே பயணச்சீட்டு வாங்கி ஏறிவிடலாமாம். முன்பதிவு செய்யாவிட்டால் உட்கார இடம் கிடைக்காமல் போகலாம். முன்கூட்டி வாங்கியவரைவிடக் கூடுதலாகப் பணம் கொடுக்க நேரலாம். பாரிசுக்குப் போகும் அதிவேக வண்டிகளில் மட்டும் இருக்கைப் பதிவு கட்டாயம், நெரிசல் நாளில் கிடைக்காது. அவர் குறைப்பட்டுக்கொண்டதெல்லாம் அந்தக் கூடுதல் விலையைப் பற்றித்தான். எல்லை எப்போது கடந்தது என்றே பல சமயம் தெரியாது என்றார். ஷெங்கன் என்ற சிற்றூரில் 1985-இல் சில நாடுகள் கையெழுத்திட்டுத் தொடங்கிய ஏற்பாடு அது. இத்தனைக்கும் அந்த நாடுகள் இரண்டு உலகப் போர்களில் ஒன்றையொன்று கொன்று குவித்தவை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே கடலுக்கடியில் மட்டும் 38 கிலோமீட்டர் சுரங்கம் தோண்டி 1994 முதல் ரயில் விடுகிறார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். நான் 'உம்' கொட்டிக்கொண்டே, திண்ணையில் மஞ்சள் துணியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்த ஆயாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றிரவே பெரிய ஆயா இறந்துபோனார். அடக்கத்தைக் கைப்பேசியில் காட்டினார்கள். மழை பெய்துகொண்டிருந்தது; படம் அடிக்கடி நின்று நின்று வந்தது. ஆயா அப்போதும் அதிகம் அழவில்லை. "சரி, தனுஷ்கோடி வரைக்குமாவது கூட்டிட்டுப் போ. அக்காவுக்கு அங்க தண்ணி எறைச்சுட்டு வரேன்" என்றார். பெண் பிள்ளை எங்கே சடங்கு செய்வது என்று உறவினர் ஒருவர் முணுமுணுத்தார். ஆயா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தனுஷ்கோடிக்கு ரயில் கிடையாது. ராமேசுவரம் வரை போகலாம். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் நிறுத்திய போக்குவரத்து, 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தபின் மீண்டும் நடக்கிறது. ஆனால் திடீரென்று இடம் எங்கே கிடைக்கும்? 'தத்கால்' ஒன்றே வழி. தூங்கும் வசதி வகுப்புக்கு முதல் நாள் காலை 11 மணிக்குத் திறக்கும். செவ்வாயன்று கைப்பேசியோடு உட்கார்ந்தேன். 2025 ஜூலை முதல் ஆதாரை இணைத்த கணக்கில்தான் தத்கால் எடுக்க முடியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது! ஊரெல்லாம் ஆதார் இணைத்துக் கொடுத்தவன் என் கணக்கில் இணைக்க மறந்திருந்தேன். இணைத்து முடிப்பதற்குள் காத்திருப்போர் பட்டியல் நீண்டுவிட்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

புதன்கிழமை விடிவதற்கு முன்பே ரயில் நிலைய முன்பதிவுச் சாளரத்தில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இருவர். ஒருவர் மகனைக் கல்லூரியில் சேர்க்க அழைத்துப் போகிறவர்; மற்றவர் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு மனைவியைக் கூட்டிப் போகிறவர். மணி பத்தே முக்கால் ஆனபோது எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. தேர்வு மண்டபத்தில் வினாத்தாளுக்குக் காத்திருக்கும் அமைதி அது! யாருக்கும் யார்மேலும் பகையில்லை. ஆயினும் முன்னே நிற்பவர் ஒவ்வொரு நொடி தாமதிக்கும்போதும் என் வயிறு கலங்கியது. நோயாளி மனைவிக்காக நிற்கும் மனிதர் சீக்கிரம் நகர வேண்டுமென்று நான் விரும்பியதை இப்போது எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் முறை வந்தது. உள்ளே இருந்த அம்மையார் படிவத்தை வாங்கிப் பார்த்தார். "ரெண்டு பேரா? பாட்டிக்கு வயசு எழுபத்திரண்டா? தத்கால்ல கீழ்ப்படுக்கை கேட்டு வாங்க முடியாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே தட்டினார். இயந்திரம் கிர்ரென்று அச்சடித்தது. இரண்டும் மேல்படுக்கை, ஆனால் உறுதியானவை.

வியாழன் இரவு சிதம்பரத்தில் ஏறினோம். கீழ்ப்படுக்கையில் இருந்த கும்பகோணத்துக்காரர் ஆயாவைப் பார்த்ததும் தாமே எழுந்து மேலே ஏறிக்கொண்டார். ஆயா படுக்கவே இல்லை. சன்னலோரம் உட்கார்ந்து, "எங்கப்பாவும் இந்தப் பக்கமாத்தானே போயிருப்பாரு" என்று இரண்டு முறை கேட்டார். பாம்பன் பாலம் வந்தபோது வண்டி மெதுவாக ஊர்ந்தது. பக்கத்தில் பழைய பாலம் அப்படியே நின்றது. ஆயா இரண்டையும் பார்க்கவில்லை. கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ராமேசுவரத்திலிருந்து பேருந்தில் அரிச்சல்முனை. வழியில் இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் மொட்டைச் சுவர்களும் தெரிந்தன. ஒரு பக்கம் பெண் கடல் குளம்போலக் கிடந்தது. மறுபக்கம் ஆண் கடல் ஆகஸ்டு மாதக் காற்றில் இரைந்துகொண்டிருந்தது. சாலை முடிகிற இடத்தில் இறங்கி மணலில் நடந்தோம். ஆயா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் தெரியலியேடா."

"தூரம் ஆயா. தெரியாது."

"அப்போ கப்பல்லேருந்து பார்க்கிறப்பயும் இப்படித்தான். கொஞ்ச நேரத்துல அந்தக் கரை மறைஞ்சிடுச்சு."

முழங்கால் அளவு நீரில் இறங்கி மூன்று முறை கையால் நீரை அள்ளி விட்டார். அப்போது என் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால், இலங்கைத் தொலைபேசி நிறுவனம் ஒன்றின் வரவேற்புச் செய்தி! அலைக்கு ஏது பாஸ்போர்ட்? இயற்பியல் மாணவனாகிய நான் அதை ஆயாவுக்கு விளக்கியிருக்கலாம். காட்டவில்லை. பையில் போட்டுக்கொண்டு அவர் கையைப் பிடித்துக் கரையேற்றினேன்.

ஊர் திரும்பியதும் ஆயா அந்தத் தத்கால் பயணச்சீட்டைக் கேட்டு வாங்கி, மஞ்சள் துணியில் பழைய பாஸ்போர்ட்டோடு சேர்த்து முடிந்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம், அக்காவின் பிள்ளைகளையாவது பார்க்க வேண்டும் என்று சொல்லி, புதுப் பாஸ்போர்ட்டுக்கு எழுதித் தரச் சொன்னார். உட்கார்ந்து நிரப்பினேன். பிறந்த நாடு என்ற கட்டத்தில் நான் தயங்கியபோது, "சிலோன்னு போடு" என்றார். இலங்கை என்று எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் அவர் பெருவிரலை மையில் ஒற்றப்போனவர் நிறுத்திவிட்டு, தம் பெயரை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டச் சொன்னார். இப்போது மாலை நேரங்களில் திண்ணையில் உட்கார்ந்து அதைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது எழுத்துத்தான் இன்னும் சரியாக வரவில்லை.