கற்கும் வழி பிள்ளைக்கு உரியதா, பொருளுக்கு உரியதா?

இக்காலத்துப் பள்ளிகளிற் பயிலும் இளஞ்சிறாரைக் கண்வழிக் கற்போர், செவிவழிக் கற்போர், கைவழிக் கற்போர் எனப் பகுத்துரைக்குங் கொள்கையொன்று பெரிதும் பரவியுள்ளது. ஒவ்வொருவர் மூளையும் தனக்கென ஒரு வாயிலை உடையதென்றும், அவ்வாயிலின் வழியே புகட்டினாலன்றிக் கல்வி உட்செல்லாதென்றும் அக்கொள்கையுடையார் கூறுவர். கேட்பார்க்கு இஃது இனிதாகவே தோன்றும். ஆயினும், ஒரு பிள்ளையின் அறிவுக்கு எல்லை கட்டும் சொல்லை ஆராயாது ஏற்றல் தகாது. அதனை ஆராயவேண்டிய கடப்பாடு என் இல்லத்திலேயே நேர்ந்தமையின் இதனை எழுதலானேன்.

என் பெயர்த்தி பத்து வயதினள். அவள் பயிலும் பள்ளியிற் சில வினாக்களை விடுத்து, அவள் 'கண்வழிக் கற்பவள்' என ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனர். அதுவரை மாலைதோறும் என்னருகிருந்து செய்யுள் கேட்டு ஓதிவந்தவள், அன்றுமுதல், "தாத்தா, காதால் கேட்டால் எனக்கு மனத்தில் நிற்காதாம், படம் இருந்தால் காட்டுங்கள்" என்று கூறி வாளாவிருந்தாள். அவள் செவியிற் குறையில்லை. ஓசையின்பத்தில் விருப்பமும் குறையவில்லை. குறைந்தது தன்மேல் தான் வைத்த நம்பிக்கை ஒன்றே.

மூளையைப் பற்றிய இத்தகைய பகுப்புகள் முற்றும் வேரின்றி எழுந்தன அல்ல. 1861-இல் பாரிசு மாநகரத்து மருத்துவர் புரோக்கா, பேச்சிழந்த ஒருவர் இறந்தபின் அவரது மூளையை ஆராய்ந்து, இடப்பாதியின் முற்பகுதி சிதைந்திருத்தலைக் கண்டார். பின்னர் அமெரிக்க அறிஞர் ரோஜர் ஸ்பெரி, வலிப்பு நோயைத் தணித்தற்பொருட்டு மூளையின் இருபாதிகளையும் இணைக்கும் நரம்புப் பட்டை அறுக்கப்பட்டவர்களை ஆராய்ந்து, அப்பாதிகள் தனித்தனித் திறம் உடையனவாதலை விளக்கி, 1981-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கண்டது இணைப்பறுந்த சிலரிடத்து. அதனை இணைப்பறாத எல்லார்மேலும் ஏற்றி, இவன் இடமூளையினன், அவள் வலமூளையினள் எனப் பெயரிட்டது பின்னெழுந்த உலக வழக்கே. யூட்டா பல்கலைக்கழகத்தார் 1,011 பேருடைய மூளைப் படங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட கட்டுரை, ஒருவரிடத்து ஒருபாதியே முழுதும் மேலோங்கி நிற்குமென்பதற்குச் சான்று காணப்படவில்லை எனத் தெரிவித்தது.

இனி, கற்கும் வழிகளைப் பற்றிய கொள்கைக்கு வருவோம். நியூசிலாந்து நாட்டு நீல் ஃபிளெமிங் என்பார், காண்டல், கேட்டல், படித்தெழுதல், செய்தல் என நால்வகை வகுத்து, வினாத்தாள் ஒன்றும் அமைத்தார். இவ்வாறு பலர் வகுத்த முறைகள் 71 உள என்று 2004-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஆராய்ச்சியொன்று எண்ணிக் காட்டியது. 2008-இல் பாஷ்லர் முதலிய நால்வர் உளநூற் பேராசிரியர் இக்கொள்கைக்கு ஓர் உரைகல் வகுத்தனர். கண்வழியினரிற் சிலர்க்குப் படத்தாலும் சிலர்க்குச் சொல்லாலும் கற்பித்தல் வேண்டும்; செவிவழியினர்க்கும் அவ்வாறே செய்து, அனைவரையும் ஒரே தேர்வால் அளத்தல் வேண்டும். அவரவர் தத்தமக்குரிய வழியிற் கற்றபோதே மேம்பட்டார் எனின் கொள்கை நிலைபெறும். இங்ஙனம் முறையாகச் சோதித்த ஆராய்ச்சிகள் மிகச் சிலவே என்றும், அவற்றுள்ளும் பல இக்கொள்கைக்கு மாறாகவே முடிந்தன என்றும் அவர் கூறினர்.

ஆயின், மக்கள் எல்லாரும் ஒரு தன்மையரோ எனின், அன்று. முன்னறிவும் ஆற்றலும் ஆர்வமும் ஆளுக்காள் வேறுபடும். கேள்விக் குறையோ எழுத்துக்கூட்டிப் படித்தலில் இடர்ப்பாடோ உடைய பிள்ளைக்குத் தனியுதவி வேண்டுமென்பதும் உண்மை. ஒருவர்க்குப் படத்தில் விருப்பமும் மற்றொருவர்க்குப் பேச்சில் விருப்பமும் இருத்தல் கூடும். விருப்பம் வேறு, கற்குந் திறன் வேறு என்பதே ஈண்டு அறியத்தக்கது. வழியை வரையறுப்பது பெரும்பாலும் கற்கப்படும் பொருளேயாம். ஆற்றின் போக்கை அறிய எல்லார்க்கும் நிலப்படம் வேண்டும். வெண்பாவின் செப்பலோசையை அறிய எல்லார்க்கும் செவி வேண்டும். மத்தளம் பயில எல்லார்க்கும் கை வேண்டும்.

பிள்ளைகள் அனைவர்க்கும் பயன்படுவதாகச் சோதனையில் நிலைபெற்ற வழியொன்று உளது. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மாணவர் சிலர் ஓர் உரைப்பகுதியை இருமுறை படித்தனர். வேறு சிலர் ஒருமுறை படித்துப் பின் பாராது நினைந்தெழுதினர். ஐந்து நிமிடங் கழித்துச் சோதித்தபோது இருமுறை படித்தவரே முந்தினர். ஒரு வாரங் கழித்தோ, அவர் நினைவில் நின்றது நூற்றுக்கு 42. நினைந்தெழுதினார்க்கு நின்றது 56.

இதனைப் படித்தபோது, யான் இளமையிற் பயின்ற திருமடத்துப் பாடசாலை நினைவில் எழுந்தது. முதனாட் பாடத்தை ஏடு பாராது ஒப்பித்தாலன்றி எங்கள் ஆசிரியர் புதுப்பாடந் தொடங்கார்; பழம்பாடத்துள் ஓரிடத்தை எதிர்பாராத வேளையில் வினாவுவார். நன்னூலும், கேட்டவற்றை மீள நினைத்தலையும், வினாதலையும், வினாயவற்றுக்கு விடையிறுத்தலையும் கற்பான் கடனாகக் கூறுகின்றது. அந்நூல் மாணாக்கர்க்கு அன்னம், பசு, மண், கிளி, ஓட்டைக்குடம் முதலிய உவமைகள் கூறியதும், அவர் கொள்ளுமாறும் காக்குமாறும் பற்றியேயன்றிக் கண் செவி என்னும் வாயில் பற்றியன்று. பழையது என்பதனாலேயே எல்லாம் நன்றாகா. பொருளுணராது ஒப்பித்தல் கிளிப்பேச்சே. பொருளோடு கூடிய மீள்நினைவே ஈண்டுப் போற்றப்படுவது.

ஆதலின் பெயர்த்தியோடு யான் வழக்காடவில்லை. ஒரு செய்யுளை இருமுறை ஓதிக் காட்டிப் பொருளுரைத்து, "நினைவில் நின்றதை மட்டும் சொல், அம்மா" என்றேன். முதனாள் ஓரடியே வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் அவ்வாறே வினாவிவர, திங்களொன்று கழியுமுன் நான்கு செய்யுட்களைத் தானே ஓதினாள். படமும் வரைந்தாள், அதனை யான் தடுத்திலேன்.

கண் முதலிய பொறிகளும் மனம் முதலிய அந்தக்கரணங்களும் உயிர்க்குக் கருவிகளே என்பது சித்தாந்தம் பயின்றார் அறிந்தது. மேற்கூறிய சோதனைகளால் அக்கோட்பாடு நாட்டப்பட்டது என்று கூறுதல் மிகையாம். அவற்றின் நோக்கம் வேறு. எனினும் கருவியின் பெயரைக் கருத்தாவுக்கு இட்டு வழங்குதல் பிழையென்று உணர்தற்கு நம்மவர்க்குத் தடையில்லை.

பெற்றோரும் ஆசிரியரும், இத்தகைய தாள் ஒன்று வீட்டுக்கு வருமாயின், அதனைப் பிள்ளையின் விருப்பக் குறிப்பாக மட்டும் கொள்வாராக. "உன்னால் இவ்வழியே இயலும்" என்று ஒரு வாயிலைக் காட்டி மற்றவற்றை அடைத்துவிடாது, பொருளுக்கேற்ற வாயில்கள் எல்லாவற்றையும் திறந்து, கற்றதை மீள வினாவுவாராக.