பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?

ரூம்ல, கார்ல, ஆபீஸ் கேப்ல, எங்க வச்சு யாருக்குப் போட்டுக் காமிச்சாலும் எனக்குக் கிடைக்கிற முதல் விமர்சனம் ஒண்ணுதான். "மச்சி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" அதுக்குள்ள ஏற்கனவே நாலு நிமிஷம் ஓடியிருக்கும். ரூம்மேட் ஒருத்தன் இன்னும் ஒரு படி மேல. பாதியில வந்து நின்னு கேட்டுட்டு, "டேய், ஏதோ படத்தோட பிஜிஎம் மாட்டிக்கிச்சு பாரு, மாத்து"ன்னுட்டுப் போனான். என் கல்யாணத்துக்கு அவனைக் கூப்பிடுறதா இல்லை. (பொண்ணு கிடைக்கட்டும், அது வேற பதிவு.)

இப்படி வருஷக்கணக்கா ஊருக்கெல்லாம் போஸ்ட் ராக் இசையைச் சிபாரிசு பண்ணியும் ஒரு ஆளைக்கூட என்னால இழுக்க முடியலை. கடைசியா ஒரே ஒருத்தர் மாட்டினார். அதைச் சொல்லத்தான் உக்காந்தேன். அதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்தருள்க.

2018ல இன்ஜினியரிங் முடிச்சுட்டு ஓ.எம்.ஆர் பக்கம் பொட்டி தட்டச் சேர்ந்தேன். முதல் வருஷம் முழுக்க நைட் ஷிப்ட் சப்போர்ட். ராத்திரி ரெண்டு மணிக்கு அமெரிக்காவுல ஏதாவது ஒரு சர்வர் படுத்துக்கும். அதைத் தட்டி எழுப்புறதுதான் நம்ம ஆணி. எழுப்ப எதுவும் இல்லாத ஒரு ராத்திரி 'மணிபால்' படம் பார்த்தேன். 2011ல வந்தது, பிராட் பிட் நடிச்சது. பேஸ்பால்ல எனக்குத் தெரிஞ்சது மட்டை உருண்டையா இருக்கும்ங்கிறது மட்டும்தான். ஆனா ஓக்லாண்ட் டீம் வரிசையா இருபதாவது மேட்சை ஜெயிக்கிற இடத்துல பின்னணியில கிடார் சத்தம் மெதுவா, ரொம்ப மெதுவா ஏறிக்கிட்டே வரும். படம் முடிஞ்சும் மண்டைக்குள்ள அது நிக்கலை. தேடிப் பிடிச்சேன். பேரு 'தி மைட்டி ரியோ கிராண்ட்'. டெக்சாஸ்காரங்க. குழுவோட பேரு 'திஸ் வில் டெஸ்ட்ராய் யூ', அதாவது இது உன்னை நாசமாக்கும். பேரே நல்ல சகுனம் :) படத்துல வந்தது ஒரு துண்டு, முழுசு பதினோரு நிமிஷம். ஒரு வார்த்தை கிடையாது. அன்னைக்கு விடியறதுக்குள்ள எத்தனை தடவை கேட்டேன்னு எண்ணலை.

அப்புறம் என்ன, ஒண்ணைத் தொட்டு ஒண்ணுன்னு ஒரு வருஷம் போச்சு. இந்த இசைக்கு 'போஸ்ட் ராக்'ங்கிற பேரை 1994ல புழக்கத்துக்குக் கொண்டு வந்தவர் சைமன் ரெனால்ட்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் விமர்சகர். அதே கிடார், அதே டிரம்ஸ்தான். ஆனா ராக் இசைக்காக இல்லை. கிடார் இங்க மெட்டைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி நிக்காது. சத்தத்தோட நிறத்தையும் சொரசொரப்பையும் உண்டாக்குறதுதான் அதுக்கு வேலை. பேரு வர்றதுக்கு முன்னாடியே விஷயம் நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு. எண்பதுகள்ல ஹிட் பாப் பாட்டு கொடுத்துக்கிட்டிருந்த 'டாக் டாக்' குழு, லண்டன் ஸ்டுடியோ ஒண்ணுல விளக்கை அணைச்சுட்டு மாசக்கணக்கா உக்காந்து 1988ல 'ஸ்பிரிட் ஆஃப் ஈடன்' கொண்டு வந்தாங்க. 1991ல அமெரிக்காவுல 'ஸ்லிண்ட்'ங்கிற பசங்களோட 'ஸ்பைடர்லேண்ட்' வந்துச்சு. இந்த ரெண்டுல ஆரம்பிச்சா வரலாறு புரியும். ஆனா புதுசா வர்றவங்க இதுல ஆரம்பிக்காதீங்க. ஓடிருவீங்க.

எனக்குப் பிடிச்சது கனடாவோட மாண்ட்ரியல்ல இருந்து வர்ற 'காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்'. நடுவுல இருக்கிற ஆச்சரியக்குறி எழுத்துப்பிழை இல்லைங்க. முன்னாடி கடைசியில வச்சிருந்தாங்க, அப்புறம் நடுவுக்குத் தூக்கிட்டாங்க. 1976ல வந்த ஒரு ஜப்பானிய ஆவணப்படத்தோட பேரு அது, மோட்டார் பைக் கும்பலைப் பத்தினது. இவங்களோட 2000 ஆல்பத்துல ரெண்டு தட்டு, மொத்தம் நாலே உருப்படி, ஒவ்வொண்ணும் இருபது நிமிஷத்துக்குக் கிட்ட. வயலின், செல்லோ, ரெண்டு டிரம்ஸ், எங்கேயோ பதிவு பண்ணின மனுஷக் குரல்கள். காலியான ஒரு ரயில்வே யார்டுல நாம மட்டும் நிக்கிற மாதிரி இருக்கும்.

ஸ்காட்லாந்தோட கிளாஸ்கோவுல இருந்து 'மோக்வாய்'. 1997ல வந்த 'யங் டீம்' ஆல்பத்துல 'லைக் ஹெராட்'னு ஒண்ணு இருக்கு. கிசுகிசுன்னு போய்க்கிட்டிருக்கும். சரியா கேக்கலையேன்னு வால்யூமைக் கூட்டுவீங்க. அதுக்காகவே காத்துக்கிட்டிருந்த மாதிரி பொடேர்னு வெடிக்கும். முதல் தடவை ஹெட்போனைக் கழட்டி எறிஞ்சேன். பக்கத்து சீட்டுல இருந்தவர் பாம்பு வந்துருச்சுன்னு நினைச்சு எந்திரிச்சுட்டார். இவங்க ஆல்பம் ஒண்ணு 2021ல பிரிட்டன்ல முதலிடத்துக்கே வந்துச்சு. ஆரம்பிச்சு கால் நூற்றாண்டு கழிச்சு!

சும்மா ஒண்ணு கேட்டுப் பார்க்கணும்னா 'எக்ஸ்புளோஷன்ஸ் இன் தி ஸ்கை' குழுவோட 'யுவர் ஹேண்ட் இன் மைன்', 2003. எட்டு நிமிஷம். யார் மனசையும் நோகடிக்காது. தோக்கியோ 'மோனோ' குழுவோட 2009 ஆல்பத்துல ஆர்கெஸ்ட்ராவே உண்டு, படுத்துக்கிட்டு கேக்கணும். நம்ம நாட்டுல 'ஆஸ்வீகீப்சர்ச்சிங்'. இவங்க அங்கங்க இந்தியில பாடவும் செய்வாங்க, 2017ல வந்த 'ஜியா'வைக் கேளுங்க. ஆனா ஒண்ணு, இந்த வகையிலேயும் மொக்கை நிறைய. மெதுவா ஆரம்பி, ஏத்து, வெடி, அடங்கு. நம்ம மசாலா படத்துல இடைவேளைக்கு முன்னாடி ஒரு சண்டைன்னு இருக்கிற மாதிரி ஃபார்முலா. அதுக்கு ரயில்வே அட்டவணை நீளத்துக்கு ஒரு தலைப்பு. அந்த ரகத்தை ரெண்டாவது நிமிஷத்துலயே கண்டுபிடிச்சிரலாம்.

சரி, மாட்டின ஆளுக்கு வர்றேன்.

அப்பா ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல 31 வருஷம் ஃபிட்டரா இருந்தவர். ரிங் பிரேம் டிபார்ட்மெண்ட். சின்ன வயசுல டிபன் கேரியர் குடுக்கப் போனப்ப ஒரே ஒரு தடவை உள்ள கூட்டிட்டுப் போனாங்க. வரிசை வரிசையா பிரேம், ஆயிரக்கணக்குல கதிர் சுத்துது. பக்கத்துல நிக்கிறவர் வாய் அசையுது, சத்தம் வரலை. எல்லாரும் கையாலயும் கண்ணாலயும்தான் பேசிக்கிட்டாங்க. அதே அப்பா வீட்டுக்கு வந்தா கத்தித்தான் பேசுவார். தண்ணி கேட்டாக்கூட அதட்டல்தான். கோவக்காரர்னு தெருவே சொல்லும். நானும் அப்படியே நினைச்சு, பத்தடி தள்ளியே வளர்ந்துட்டேன். அவருக்குக் காது போய்க்கிட்டிருக்குன்னு வீட்டுல ஒருத்தருக்கும் தோணலை.

2022ல மதுரையில கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். கேட்கும் திறனை ஒரு கிராஃபா போட்டுக் குடுத்தாங்க. இடதுபக்கம் ஓரளவு மட்டமா போகுது; 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல வந்ததும் பள்ளத்துல விழுந்துருச்சு. பார்த்த உடனே எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. சர்வர் விழுந்தா என் மானிட்டர்ல வர்ற அதே படம். இதை எழுப்பத்தான் முடியாது. இரைச்சல்ல வேலை பார்த்த காதுக்கு முதல்ல போறது இந்த உச்ச ஓசைதானாம். ச, த, ப மாதிரி எழுத்தோட ஓசையெல்லாம் மேல இருக்கு, அ, ஆ, ஓ எல்லாம் கீழ இருக்கு. அதனால சத்தம் கேக்கும், சொல் விளங்காது. உயிரெழுத்து கேக்குது, மெய்யெழுத்து கேக்கலை, அவ்வளவுதான் விஷயம்.

ராஜா கேசட்டா வாங்கி அடுக்கின மனுஷன். ரேடியோவை நிறுத்தி ரெண்டு மூணு வருஷம் ஆயிருந்துச்சு. கேட்டா, "பழைய பாட்டையெல்லாம் இவனுங்க என்னமோ பண்ணிட்டானுங்கப்பா, ஒண்ணும் தெளிவா இல்லை"ம்பார். காது மிஷின் வாங்கிக் குடுத்தேன். அது பீரோவுல அம்மாவோட பட்டுப்புடவைக்குக் கீழ பத்திரமா இருந்துச்சு.

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போனப்பதான் நம்ம இன்ஜினியர் மூளை வேலை செஞ்சுது. சொல்லுதானே விளங்கலை? சொல்லே இல்லாத பாட்டு நம்ம கிட்ட டெராபைட் கணக்குல இருக்கே! அப்பாவை உக்கார வச்சு, ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பக்கத்துல வச்சு, மோக்வாயோட 'மை ஃபாதர் மை கிங்'கைப் போட்டேன். 2001ல வந்தது, இருபது நிமிஷம், ஒரு யூதப் பிரார்த்தனைப் பாட்டோட மெட்டு. தலைப்பைப் பார்த்து நானே உணர்ச்சிவசப்பட்டுட்டேன்னு வைங்க.

முதல்ல ஒத்தக் கிடார். அப்பா தலையைச் சாய்ச்சுக் கேட்டார். மெட்டு திரும்பத் திரும்ப வருது, ஒவ்வொரு தடவையும் கனம் கூடுது. பத்தாவது நிமிஷத்துல ஸ்பீக்கர் மேல கையை வச்சார். எனக்கு உள்ளுக்குள்ள குஷி. கடைசியில மெட்டெல்லாம் கரைஞ்சு வெறும் இரைச்சலா ஆச்சு. அப்ப சொன்னார்.

"கரண்டு போய் வந்தா இப்படித்தான் தம்பி. ஒரு பிரேம் போடுவோம், அடுத்தது போடுவோம், அடுத்தது. எல்லாம் ஓட ஆரம்பிச்சா இந்தச் சத்தம்தான்."

"நல்லாருக்காப்பா?"

"நிப்பாட்டு. இதைக் காசு குடுத்தா கேக்குற? எனக்குச் சம்பளம் குடுத்துல்ல கேக்க வச்சாங்க."

அம்மா சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை. கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு, எனக்கு நெஞ்சைத் திறந்துவிடுற இடத்துக்கு, எத்தனை ராத்திரி ஹெட்போன்ல வால்யூமை முழுசா வச்சிருப்பேன்! அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்புக்குன்னு இருக்கிற ஆராய்ச்சி நிறுவனம் ஒரு கணக்கு சொல்லுது: 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், 88 ஆனா நாலு மணி நேரம், 91க்கு ரெண்டு. மூணு டெசிபல் கூடினா நேரம் பாதி. அப்பாவுக்கு இதை யாரும் சொல்லலை. காதுல வைக்கிறதுக்குப் பஞ்சு குடுத்தாங்களாம், அதுவும் கீழ கிடக்கிற கழிவுப் பஞ்சு. அன்னைக்கு ராத்திரியே போன்ல வால்யூமுக்கு ஒரு வரம்பு வச்சேன். இன்னும் எடுக்கலை. நீங்களும் வச்சுக்கோங்க, இந்த இசைக்கு அவசியம் வேணும்.

மறுநாள் மாட்டுப்பொங்கல். மத்தியானம் சாப்பிட்டுட்டுப் படுத்திருந்தவர் அவராவே, "வேற ஏதாச்சும் வச்சிருக்கியா?"ன்னார். யோசிச்சு 'சிகுர் ரோஸ்' போட்டேன். ஐஸ்லாந்துக்காரங்க. பாடுற யோன்சி, செல்லோ வில்லை வச்சு கிடாரை இழுப்பார்; குரல் கடலுக்கு அந்தப் பக்கத்துல இருந்து வர்ற மாதிரி இருக்கும். 2002ல வந்த அந்த ஆல்பத்துக்குப் பேரே கிடையாது, வெறும் ரெண்டு அடைப்புக்குறிதான். எட்டுப் பாட்டு, ஒண்ணுக்கும் தலைப்பு இல்லை. பாட்டு வரி போடுற புத்தகத்தையும் வெள்ளையாவே விட்டாங்க, கேக்குறவங்க எழுதிக்கட்டும்னு.

ரெண்டு நிமிஷம் கேட்டார். நெத்தி சுருங்குச்சு. பழைய கவலை வந்துருச்சுன்னு தெரிஞ்சுது.

"பாடுறான்ல? என்ன பாஷை?"

"பாஷையே இல்லப்பா. அவங்களே வாய்க்கு வந்ததை வச்சுப் பாடுறது. அர்த்தம் எதுவும் கிடையாது."

"ஓ. அப்ப உனக்கும் விளங்காதா?"

"விளங்காது."

"உன் கூட்டாளிகளுக்கு?"

"யாருக்கும் விளங்காதுப்பா. அந்த ஊர்க்காரனுக்கே விளங்காது."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் எந்திரிச்சுப் போனார். பிடிக்கலை போலன்னு நானும் நிறுத்தப் போனேன். உள்ள பீரோ திறக்கிற சத்தம். மிஷினைக் காதுல மாட்டிக்கிட்டு வந்து, பழையபடி படுத்துக்கிட்டு, "முதல்ல இருந்து போடு"ன்னார்.

போட்டேன். ரெண்டு பேருமே பேசிக்கலை. அம்மா காப்பி வச்சுட்டுப் போனதைக்கூட ரெண்டு பேரும் கவனிக்கலை. நாலாவது பாட்டுக்கும் அஞ்சாவதுக்கும் நடுவுல 36 விநாடி மௌனம் உண்டு, ஆல்பத்தை ரெண்டு பாதியா பிரிக்கிறதுக்காக. நான் அதைச் சொல்ல மறந்துட்டேன். அப்பா எந்திரிச்சு உக்காந்தார். மிஷினைக் கழட்டி உள்ளங்கையில வச்சு ரெண்டு தட்டு தட்டினார்.

"பேட்டரி தீந்துருச்சு போலருக்கே?"

"இல்லப்பா, பாட்டே அப்படித்தான். மாட்டிக்கோங்க, இப்ப ஆரம்பிச்சிரும்."