எங்க டீச்சர் கிளம்பிட்டீங்க?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரே மூச்சில் படிக்க முடியாவிட்டால் டீ குடித்துவிட்டு வந்து படியுங்கள். வருகைப் பதிவேடு எல்லாம் எடுக்க மாட்டேன்.

ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. காலையில் சைக்கிளை வாசலுக்கு இறக்கினால் போதும், பால்காரரும் எதிர்வீட்டில் கோலம் போடுகிறவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "எங்க டீச்சர், இம்புட்டு வெள்ளென?" முதல் வருடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். கோவிலுக்கு என்பேன், கீரை வாங்க என்பேன். நத்தம் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கீரை வாங்குகிற பைத்தியம் யார் என்று அவர்கள் யோசித்திருப்பார்கள். "சும்மாதான்" என்று நிமிர்ந்து சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. சொன்ன அன்று பால்காரர் இரக்கத்தோடு கேட்டார், "சுகருங்களா டீச்சர்?" எனக்குச் சுகர் இல்லை. இருந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும்.

நான் சைக்கிள் பழகியது 1984-ல். வேலைக்கு ஆர்டர் வந்த கிராமத்துக்குக் காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். காலைப் பஸ்ஸைத் தவற விட்டால் அன்று அரைநாள் விடுப்புத்தான். அண்ணனுடைய பெரிய சைக்கிளை மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய், ஆள் முகம் தெரியாத இருட்டில் குரங்குப் பெடல் போட்டுப் பழகினேன். சேலையில் சைக்கிள் ஓட்டும் பெண்ணைப் பார்த்தால் அப்போது நின்று வேடிக்கை பார்ப்பார்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்து, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏறியதெல்லாம் 1991-க்குப் பிறகு. அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது 2001-ல். அதுவும் முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு, பின்னால்தான் எல்லாருக்கும். இப்போது பெண்பிள்ளை சைக்கிளில் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அறுபது வயதுக்கு மேற்பட்டவள் வேலையில்லாமல் போனால்தான் பார்க்கிறார்கள்.

33 வருடம் ஓட்டினேன். பள்ளிக்கு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு, வாக்காளர் பட்டியல் சரிபார்ப்புக்கு, பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க, வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்க. ஒரு நாள்கூட வேலையில்லாமல் ஓட்டியதில்லை. கண் எப்போதும் கைக்கடிகாரத்தில்.

இப்போது ஓட்டுவது என் மகள் ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கிய லேடிபேர்ட். முன்னால் கூடை, கூடையில் தண்ணீர் பாட்டில், ஒரு துண்டு, காற்றடிக்கும் பம்ப். மகன் போனில் கத்துவான்: "விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாரும்மா பாக்குறது?" நியாயமான கேள்விதான். அதனால் சிறுமலைக்கு ஏறும் அந்த 18 கொண்டை ஊசி வளைவுகளை நான் தொடுவதே இல்லை. அடிவாரத்தோடு சரி.

சைக்கிளுக்கு ஏற்ற மாதம் என்றால் எனக்கு மாசிதான். ஆனால் நம்ப முடியாத மாதமும் அதுதான். ஆங்கிலப் பாடத்தில் 'ஸ்பிரிங்' வந்தால் வசந்தம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு நானும் நகர்ந்திருக்கிறேன். நம் கணக்கில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. பெயர் வைத்தவர்கள் விடியற்காலையில் வெளியே நடமாடியவர்களாக இருக்க வேண்டும். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள் இல்லையா, ஐந்தரை மணிக்குக் குள்ளனம்பட்டி தாண்டிப் பாருங்கள், அது மூட்டையும் துளைக்கும். மஃப்ளர், அவருடைய பழைய ஸ்வெட்டர், காலில் சாக்ஸ். எட்டரை மணிக்கு அத்தனையும் கூடைக்குப் போய்விடும். பதினோரு மணிக்குத் தார் ரோட்டில் கானல் ஓடும்.

ஏன் இப்படி என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டவர்களுக்கு நான் சொன்னது நினைவிருக்கிறதா? மேகம் என்பது போர்வை. மாசியில் வானம் வெறிச்சென்று இருப்பதால் பகலில் வாங்கிய சூட்டைப் பூமி இரவில் அப்படியே மேலே விட்டுவிடுகிறது. தரை குளிர்ந்து, அதைத் தொட்ட காற்றின் ஈரம் பனியாக இறங்குகிறது. புளியமரத்துக்குக் கீழே மட்டும் மண் காய்ந்து கிடக்கும், அந்த மரம்தான் அங்கே போர்வை. பாடமாகச் சொன்னபோது நானே இதைப் பார்த்ததில்லை. இந்த ஏழு வருடத்தில்தான் சைக்கிளை நிறுத்திவிட்டுக் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன், இது ஆறாம் வகுப்புக்கு. விடியற்காலையில் மலைச்சரிவில் குளிர்ந்த காற்று கீழே இறங்கி வரும். அது மலைக்காற்று. சூரியன் ஏறியபின் சரிவு சூடாகிக் கீழேயுள்ள காற்று மலைமேல் ஏறும், அது பள்ளத்தாக்குக் காற்று. ஆக, காலையில் சிறுமலையைப் பார்த்துப் போனால் எதிர்க்காற்று. மதியம் முதுகை மலைக்குக் காட்டித் திரும்பினால் அப்போதும் எதிர்க்காற்று. இந்த அநியாயத்தை எந்தப் பாடநூலும் எழுதவில்லை.

போன சனிக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழாக் கூட்டத்தைத் தவிர்க்க ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டேன். நத்தம் ரோட்டில் இப்போது வண்டிகள் பறக்கின்றன. அதனால் முடிந்த இடத்தில் இறங்கிக் கிராமத்து ரோடுகளில் மலையடிவாரமாகப் போவது என் வழக்கம். புங்கமரங்கள் இலை உதிர்த்து, கண் கூசும் பச்சையில் தளிர் விட்டிருந்தன. மாந்தோப்புகளில் பூ வாசனை. நிறுத்தி நிறுத்தித் தவசிமடைப் பக்கம் போய்ச் சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. கால் ஓய்ந்து, ஒரு களத்து ஓரம் புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். புளி உலுக்கும் காலம் அல்லவா, களம் முழுக்கப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"டீச்சர்தானே?" என்று ஒருத்தி எழுந்து வந்தாள். நாற்பது வயது இருக்கும். அடையாளம் தெரியவில்லை. அவளே சொன்னாள்: 1995, ஐந்தாம் வகுப்பு, ஜன்னலோர வரிசை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. பள்ளிப் பெயரும் வேண்டாம்.

கிளம்ப விடவில்லை. கேப்பைக் களியும் கீரைக் குழம்பும் கொடுத்தாள். மரங்களைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள், வட்டிக்கு வாங்கிய பணம். மாங்காயைப் பற்றியும் பேச்சு வந்தது. பூத்த நேரத்தில் மேகமூட்டம் போட்டால் தத்துப்பூச்சி அடிக்கும், இந்த வருடம் பூ நன்றாக இருக்கிறது, பார்க்கலாம் என்றாள். பேசிக்கொண்டிருந்ததில் மணி இரண்டு. சிறுமலை உச்சியில் பஞ்சுப்பொதி மாதிரி கிளம்பிய மேகம் அடிப்பக்கம் கறுத்து வருவதை யாரும் கவனிக்கவில்லை. நானாவது கவனித்திருக்க வேண்டும், காற்று ஈரத்தோடு மலை ஏறினால் என்ன நடக்கும் என்று பாடம் எடுத்தவள்.

முதல் சொட்டு என் கையில் விழுந்தது, எட்டணா அளவு. மண்வாசனை கிளம்பியது. மாசி வெயிலில் நாலு மணி நேரம் காய்ந்த எனக்கு அது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வெட்டவெளியில் இறங்கி முகத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றேன். சிரித்திருப்பேன் போல. கண்ணைத் திறந்தபோது அந்தப் பெண்கள் "படுதா, படுதா" என்று கத்திக்கொண்டு களத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபமாக எல்லாம் இல்லை. ஊருக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது மாதிரி.

அப்புறம் நானும் படுதாவின் ஒரு முனையைப் பிடித்தேன். முழங்கால் மறந்துபோயிற்று. முறத்தால் அள்ளினோம், கையால் அள்ளினோம், ஓடு குத்தி விரல் எரிந்தது. இடி இறங்க ஆரம்பித்ததும் மரத்தடியில் யாரும் நிற்காதீர்கள் என்று எல்லாரையும் தகரக் கொட்டகைக்குள் விரட்டினேன். பழைய குரல் அப்படியே வந்துவிட்டது. இருபது நிமிட மழை. பாதிக்கு மேல் காப்பாற்றினோம், மீதி நனைந்துவிட்டது. "நனைஞ்சது கறுத்துப்போகும் டீச்சர். பூசணம் புடிக்கும். யாவாரி பாதி வெலைக்குக்கூடக் கேக்க மாட்டாரு" என்றாள்.

தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில்தான் அதையும் சொன்னாள்.

"நான் மாசி மாசம் வரவே மாட்டேன், ஞாபகம் இருக்கா? நீங்க எங்க வீட்டுக்கு சைக்கிள்ல வந்தீங்க."

ஞாபகம் வந்தது. அவளைத் தேடி மூன்று தடவை போயிருக்கிறேன். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். மூன்றாம் தடவையும் பார்க்க முடியாமல் போனதும், வருகைப் பதிவேட்டில் அவள் பெயரின்மேல் சிவப்பு மையில் கோடு போட்டேன். நீண்ட நாள் வரவில்லை, நீக்கம். விதிப்படி சரி. தலைமையாசிரியர் கையெழுத்துப் போட்டார், ஆனால் கோடு போட்ட கை என்னுடையது.

"வீட்டுக்குப் போற வழியில ரோட்டோரம் இந்த மரம்தான் டீச்சர். நீங்க வந்தப்பல்லாம் மேலதான் இருந்தேன். எங்க அப்பா உலுக்குவாரு, நான் நுனிக்கொப்புல எட்டாதத நான் தட்டிவிடுவேன். நீங்க அடியில வந்து கால ஊனி நின்னு, கடிகாரத்தப் பாத்துட்டுப் போனீங்க. ஒரு தடவை கூப்புடலாம்னு நெனச்சேன். வாய் வரல. நீங்க நிமிந்து பாத்துருந்தா எறங்கியிருப்பேன்."

குறை சொல்கிற தொனியே இல்லை. மற்றப் பெண்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அவள் மகள் திண்டுக்கல்லில் நர்சிங் படிக்கிறாளாம், ப்ளஸ் ஒன்னில் கிடைத்த சைக்கிளில் இவள்தான் இப்போது களத்துக்கு வந்துபோகிறாள். என்ன சொல்வது என்று தெரியாமல், "இனிமே வர்றப்பல்லாம் மேல பாத்துட்டுத்தான் போவேன்" என்றேன். எவ்வளவு அசட்டுத்தனமான பதில்.

மழை விட்டதும் கிளம்பினேன். நனைந்த புளியில் ஒரு பையை எடுத்துக் கூடையில் வைத்துவிட்டாள். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. "உப்புப் போட்டுப் பெசஞ்சு நல்லாக் காய வச்சுக்கங்க, ஒண்ணும் ஆகாது" என்றாள். ரோட்டில் ஆவி பறந்தது. வழக்கம்போல எதிர்க்காற்றுத்தான், ஆனால் குளிர்ந்த காற்று. திண்டு மாதிரி ஒரு கல் என்று ஊருக்கே பெயர் கொடுத்த நம் மலைக்கோட்டைப் பாறை தூரத்தில் கழுவி வைத்ததுபோலத் தெரிந்தது. வழி நெடுக ரோட்டோரப் புளியமரங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே வேகம் குறைத்தேன். இரண்டு இடத்தில் ஆள் இருந்தார்கள், ஈரக் கொப்பில் கால் மாற்றி மாற்றி வைத்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேலேயிருந்தே கேட்டார், "எங்க டீச்சர், மழையில?" யாரென்று தெரியவில்லை. பிள்ளைகளில் ஒருவராகத்தான் இருக்கும். இதைப் படித்தால் சொல்லப்பா.

1995-ல் என்னிடம் படித்தவர்களில் அவளோடு தொடர்பில் இருப்பவர்கள் எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். அவள் மகளின் படிப்புக்குக் கட்டணம் பாக்கி இருக்கிறதா என்று நான் நேராகக் கேட்டால் சொல்ல மாட்டாள்.

புளி நான்கு நாளாக மொட்டைமாடியில் காய்கிறது. பகல் வெயில் போதும், ராத்திரிப் பனிதான் கெடுக்கிறது. தினமும் சாயங்காலம் அள்ளி உள்ளே வைத்து, காலையில் மறுபடி பரப்புகிறேன். இப்போது மணி ஐந்தே முக்கால், சிறுமலைப் பக்கம் மறுபடியும் கறுத்திருக்கிறது. நான் மாடிக்குப் போகிறேன்.