ஓய்வறிந்து உழைக்கும் இதயம்

இடைவேளை மணி அடித்தால் போதும், எங்கள் வகுப்பில் ஒருத்தியும் இருக்கையில் இருக்கமாட்டாள். அப்படிப்பட்ட எங்களுக்கு, நாம் பிறக்கும் முன்பே வேலையைத் தொடங்கி, இறுதிவரை விடுப்பே கேளாத தசை ஒன்று மார்புக்குள் இருக்கிறது என்பது பெரும் வியப்பை அளித்தது. மேனிலை வகுப்பில் உயிரியல் பயிலும் நாங்கள், அத்தசையைப் பற்றி அறிந்தவற்றை எம் பள்ளித் தங்கையரோடும் பெற்றோரோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

நம் உடலில் தசைகள் மூவகைப்படும். கைகால்களை அசைக்கும் எலும்புத் தசை வரிகள் உடையது. நாம் நினைத்தால் இயங்கும். குடல் முதலிய உள்ளுறுப்புகளின் தசை வரியற்றது. நம்மைக் கேளாமலே இயங்கும். இதயத் தசையோ வரிகளும் உடையது. நம் ஏவலுக்கும் காத்திராதது.

எங்கள் ஆசிரியை அதனை நுண்ணோக்கியில் காட்டினார். கிளைவிட்ட செல்கள் ஒன்றோடொன்று கைகோத்து வலைபோல் பின்னியிருந்தன. அவை சேருமிடங்களில் குறுக்கே கருங்கோடுகள் தெரிந்தன. அவையே இடைச்செருகு தட்டுகள். செல்கள் பிரிந்து போகாமல் இறுகப் பிடிப்பதும், ஒரு செல்லின் மின்தூண்டலை அடுத்த செல்லுக்கு நொடியில் கடத்துவதும் இவற்றின் பணி. வலது மேலறையிலுள்ள சைனோ ஏட்ரியல் கணு கட்டளை பிறப்பிக்க, மேலறைகள் முதலிலும் கீழறைகள் அடுத்தும் ஒருமித்துச் சுருங்குகின்றன. எங்கள் காலை அணிவகுப்பில்கூட இத்தகைய ஒழுங்கைக் கண்டதில்லை!

நிமிடத்திற்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்புகள். அப்படியானால் இதயம் ஓய்வே எடுப்பதில்லையா? எடுக்கிறது. ஒரு துடிப்பின் காலம் 0.8 வினாடி. அதில் கீழறைகள் சுருங்குவது 0.3 வினாடி, தளர்ந்திருப்பது 0.5 வினாடி. கணக்கிட்டுப் பார்த்தோம். ஒரு நாளில் 15 மணி நேரம் அவற்றுக்கு ஓய்வு! இடது கீழறைத் தசை தனக்கு வேண்டிய இரத்தத்தைப் பெரும்பாலும் அந்த ஓய்வில்தான் பெறுகிறது.

அந்த இரத்தத்தைக் கொண்டுவருபவை கரோனரி தமனிகள். இதயச் செல்லின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்டிரியா நிரப்பியிருப்பதால், அதற்கு ஆக்சிஜன் இடைவிடாது வேண்டும். தமனி அடைபட்டால் ஏறத்தாழ அரைமணி நேரத்தில் தசை மடியத் தொடங்குகிறது. மடிந்த இடத்தில் தழும்புதான் உண்டாகும். சுருங்கி விரியும் தசை மீண்டும் வளராது. இதயச் செல்கள் ஆண்டொன்றுக்கு நூற்றில் ஒரு பங்களவே புதிதாகத் தோன்றுகின்றன என்று 2009-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இவை வெறும் பாடமாக எங்களுக்குத் தோன்றவில்லை. எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை, அஸ்தம்பட்டியிலிருந்து செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்று வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் உழைப்பவர். ஓரிரவு அவருக்கு நெஞ்சை அழுத்தியது; உடம்பெல்லாம் வியர்த்தது; இடக்கை வலித்தது. "வாய்வுதான், விடிந்தால் சரியாகும்" என்று ஓமத் தண்ணீர் குடித்துப் படுத்துக்கொண்டார். விடிந்த பிறகே மருத்துவமனை சென்றார். இறையருளால் உயிர் பிழைத்தார். ஆனால் இன்று மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குகிறார். அந்த ஓரிரவில் இழந்த தசையை எந்த மருந்தும் திருப்பித் தரவில்லை.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, நெஞ்சுவலியோடு வருவோருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் வேளை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 108-ஐ அழைத்தால் ஆம்புலன்ஸ் வீட்டுக்கே வருகிறது. உதவி அருகில் இருக்கிறது. அதை நாடிச் செல்லும் விரைவே நமக்கு வேண்டும்.

அன்புப் பெற்றோரே! எங்கள் கல்விக்காகவும் நல்வாழ்வுக்காகவும் உங்கள் வலியை மறைத்துப் பழகியவர்கள் நீங்கள். நெஞ்சு வலித்தால் மட்டும் மறைக்காதீர்கள். அது வாய்வா, இதயமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். உங்கள் பிள்ளைகளாகிய நாங்கள் கேட்பது இவ்வளவே.